‘ஸ்டாக் இல்லை’ என்றால் விட்டுவிடுவார்களா? பழைய பாக்கெட் கத்திகளுக்காக ஒரு ஆன்லைன் வேட்டை!

சென்னை விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை வரிசையில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. பை எக்ஸ்ரே மெஷினுக்குள் போகும். பெல்ட் சட்டென்று நிற்கும். “சார், இது உங்க பையா? உள்ளே கத்தி இருக்கு!”

மாம்பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, பேரனுக்குப் பென்சில் சீவ என்று வருஷக்கணக்காகப் பையின் ஓரத்தில் கிடந்த சின்ன மடக்குக் கத்திதான். செக்-இன் பெட்டியில் போட்டிருந்தால் ஒரு பிரச்னையும் இல்லை. கைப்பையில் இருந்ததால் போயிற்று. விமானத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனால், பெரும்பாலும் அது திரும்பக் கிடைப்பதில்லை.

‘போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஊர் திரும்பியதும் ஆன்லைனில் தேடும்போதுதான் அதிர்ச்சி காத்திருக்கும். அந்த மாடலையே கம்பெனி நிறுத்தியிருக்கும். அப்பா வைத்திருந்த கத்தி, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த கத்தி என்றால் மனசு கேட்குமா? பலருக்கு வேட்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கத்தியைப் பறிகொடுக்கும் அந்த விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது பல்லாவரம், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு முனை. 1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், அங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து கையடக்கமான ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் வெட்டவும் கிழிக்கவும் செதுக்கி வைத்துக்கொண்ட கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். தயாரிப்பு நின்றுபோன வெட்டுக்கருவியைத் தேடிப் பிடிப்பதில் பல்லாவரத்தை முந்த இன்னொரு ஊர் இந்தியாவில் இல்லை!

ஏன் நிறுத்துகிறார்கள்?

பாக்கெட் கத்தி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சிவப்புக் கைப்பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக இருக்கும் ஸ்விஸ் கத்தி. ஸ்விட்சர்லாந்தின் இபாஹ் என்ற சிற்றூரில் 1884-ல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, 1891-ல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தது. 1909-ல் அவருடைய அம்மா விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின், அதைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல் 1921-ல் சேர்ந்துகொண்டது. விக்டோரியா, இனாக்ஸ் இரண்டும் சேர்ந்து விக்டோரினாக்ஸ்.

அதே ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்த இன்னொரு கம்பெனி வெங்கர். ஒரே ஆர்டரை இரண்டு கம்பெனிகளும் ஏறக்குறைய நூறு வருஷம் பங்கு போட்டுக்கொண்டன. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்தில் கத்தி கூடாது என்றானதும், விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த வியாபாரம் படுத்துவிட்டது. 2005-ல் வெங்கரை விக்டோரினாக்ஸே வாங்கியது. 2013-ல் வெங்கர் என்ற பெயரில் கத்தி வருவது நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. அன்றுவரை கடை மூலையில் தூசி படிந்து கிடந்த வெங்கர் கத்திகள், அந்த ஒரே அறிவிப்பில் ‘இனி கிடைக்காதவை’ ஆகிவிட்டன. 87 கருவிகளை ஒன்றாகக் கோத்து, கின்னஸில் இடம்பிடித்த ராட்சதக் கத்தியும் வெங்கர் செய்ததுதான். பாக்கெட்டில் வைக்க முடியாத பாக்கெட் கத்தி!

சில சமயம் கம்பெனி சாகாது, மாடல் மட்டும் சாகும். ஸ்விஸ் ராணுவத்துக்காக 1961-ல் வந்த வெள்ளிநிற அலுமினியக் கைப்பிடிக் கத்தி நல்ல உதாரணம். நீளம் 93 மில்லிமீட்டர். கத்தி, டின் ஓப்பனர், மூடி திறப்பான், ஊசி என நாலே கருவிகள். ஒவ்வொன்றிலும் செய்த வருஷத்தின் கடைசி இரண்டு எண்களைக் கத்தியின் அடிப்பகுதியில் பொறித்திருப்பார்கள். 2008-ல் ராணுவம் புதிய கத்திக்கு மாறியதும் இதன் கதை முடிந்தது. ‘நான் பிறந்தது 1979. அந்த வருஷத்துக் கத்தி வேண்டும்’ என்று தேடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கல்யாண வருஷத்துக் கத்தியைத் தேடுகிறவர்களும் உண்டு. (கல்யாண நாள் பரிசாகக் கத்தி கொடுப்பதைப் பற்றி வீட்டில் கேட்டுக்கொள்வது நல்லது.)

பிரான்சின் ஓப்பினெல் கதை இன்னும் பழையது. மரக் கைப்பிடியோடு 1 முதல் 12 வரை எண் போட்டு விற்ற கத்திகளில், 1-ம் எண்ணையும் 11-ம் எண்ணையும் 1935-ல் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அவர்களுடைய வரிசை 2-ல் தொடங்குகிறது, 10-லிருந்து 12-க்குத் தாவுகிறது. முழு செட் சேர்க்க நினைக்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த இரண்டு எண்கள்தான்.

எங்கே, எப்படித் தேடுவது?

‘பழைய கத்தி’ என்று அடித்துத் தேடினால் காய்கறிக் கத்திதான் வரும். முதலில் கத்தியின் அடையாளம் தெரிய வேண்டும். மூடிய நிலையில் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கருவிகள், கத்தியின் அடியில் என்ன எழுத்து பொறித்திருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்தால் மாடல் பெயரைப் பிடித்துவிடலாம். மாடல் எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரைக் கடைக்காரர்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுவார்கள், எண்ணை அவ்வளவாக மாற்றுவதில்லை.

அடுத்து, கடையின் குணம். பெரிய ஆன்லைன் கடைகளில் நின்றுபோன பொருளின் பக்கம் அப்படியே இருக்கும், பொருள்தான் இருக்காது. அந்தப் பக்கத்திலேயே வேறு விற்பனையாளர் யாராவது ஒன்றிரண்டை வைத்திருக்கலாம். அல்லது ‘வந்தால் தெரிவிக்கவும்’ என்று பதிந்து வைக்கலாம். ஆனால், உண்மையான புதையல் சின்னக் கடைகளில்தான். முகாம் சாமான், தூண்டில் சாமான், ஸ்டேஷனரி, ஏன், கைக்கடிகாரம் விற்கிற கடைகளிலும்கூடப் பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் அன்றைய விலையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். கத்திப் பிரிவில் மட்டும் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது.

மொழியும் ஒரு சாவி. ஜெர்மன்காரர்கள் பாக்கெட் கத்தியை ‘டாஷன்மெஸ்ஸர்’ என்பார்கள். பிரெஞ்சில் ‘கூட்டோ தெ போஷ்’. அந்தந்த மொழியில் அடித்தால் ஆங்கிலத் தேடலில் வராத கடைகள் வரிசையாக வந்து நிற்கும். எழுத்துப் பிழையோடும் தேட வேண்டும். கம்பெனி பெயரையே தப்பாக அடித்துப் போட்டிருக்கும் விற்பனையாளரின் கத்தியை யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், போட்டியும் இருக்காது.

இந்தப் பிழை வித்தைக்கு நம்மூரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் சேலத்தில் அருணாசலம் என்ற கைவினைஞரின் பட்டறை வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக வேட்டைக் கத்திகளும் ஈட்டி முனைகளும் செய்தது. அவை இன்று வெளிநாட்டு ஏலங்களில் வருகின்றன. ஆனால் ‘அருணாசலம்’ என்று தேடினால் கிடைக்காது. கத்தியில் பொறித்திருப்பது அன்றைய ஆங்கில வழக்கப்படி ‘அர்னாசெல்லம், சேலம்’ என்று. அந்த எழுத்துக்கூட்டல் தெரிந்தவருக்கே அது அகப்படும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டை நீட்டக் கூடாது. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் சின்னக் கத்தியின் விலை எங்கேயோ போய் நிற்கும். கத்தியை அனுப்ப மறுக்கும் கூரியர்களும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

போலியும் தேய்ந்ததும்

நின்றுபோன மாடல் ‘புத்தம்புதுசாக, பத்து பீஸ் இருக்கு’ என்று யாராவது சொன்னால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். கடையின் விளம்பரப் படத்தை நம்பாமல், விற்பவர் கையில் இருக்கும் கத்தியின் படத்தைக் கேட்க வேண்டும். கத்தி விரித்த நிலையில் ஒன்று, அடியில் பொறித்த எழுத்து தெரிய ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. போலியில் எழுத்து மங்கலாகவும் கருவிகளுக்கு நடுவே இடைவெளி கோணலாகவும் இருக்கும். கைக்கு வந்தபின் ஓசையே சொல்லிவிடும். நல்ல கத்தி ‘டக்’கென்று திறந்து ‘டக்’கென்று மூடும். கத்தரியின் ஸ்பிரிங் தானாகத் திரும்பி வரும்.

இன்னொரு ஏமாற்று, பளபளப்பு. சாணைச் சக்கரத்தில் கொடுத்து மின்ன வைத்த கத்தி படத்தில் அழகாக இருக்கும். ஆனால், உண்மையில் கத்தியின் உயரமே குறைந்திருக்கும். விரித்த கத்தியை டின் ஓப்பனரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும். தெருவில் வரும் சாணை பிடிப்பவர் அரிவாள்மனைக்குத் தேவைப்படுகிறவர்தான். ஐம்பது வருஷப் பாக்கெட் கத்தியை மட்டும் அவரிடம் கொடுக்கக் கூடாது. தீப்பொறி பறக்கப் பறக்க அதன் விலையும் பறந்துபோகும்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இந்த எஃகு விஷயத்தைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கருங்கல்லைச் செதுக்கி மழுங்கிய உளியை அவர்கள் மறுபடி உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்து முனை ஏற்றுவார்கள். அதிகம் இறுகினால் முனை உடையும், இளகினால் மடங்கும். பாக்கெட் கத்தியிலும் அதே கணக்குதான். அதனால்தான் ஒருமுறை சூடேறிப் பதம் போன கத்தியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி, உப்புக் காற்று. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் ஜன்னல் கம்பியே அரித்துப்போகிற ஊர்களில், சாதாரண எஃகில் செய்த பழைய ஓப்பினெல் ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். உபயோகித்ததும் துடைத்து, ஈரமில்லாமல் காயவைத்து, மடங்கும் இடத்தில் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும். தோல் உறையிலேயே போட்டு வைப்பதும் தப்பு. தோல் ஈரத்தை இழுத்துக் கத்திக்குக் கொடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை உரிமம் கேட்கும் ஆயுத வகையில் வைத்திருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்கானவை அதில் சேராது. பாக்கெட் கத்தி இந்த அளவில் பாதிகூட வராது. ஆனால், பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்தி வேறு ரகம். டெல்லியில் அதற்கு 1980-லிருந்தே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய இந்திப் படங்களில் வில்லன் ‘கிர்ர்’ரென்று விரிக்கும் ராம்புரி கத்திக்கும் சொந்த மாநிலமான உத்தரப்பிரதேசத்தில் தடை வந்தது. 1990-களில் நாலரை அங்குலத்துக்கு மேல் செய்யக் கூடாது என்றதும் அந்தத் தொழிலே சுருங்கிப்போனது. 2023-ல் ராம்பூரில் 20 அடி நீளக் கத்திச் சிலையை நாற்சந்தியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

எந்தக் கத்தியானாலும் கூட்டமான இடத்துக்கு எடுத்துப் போகாமல் இருப்பதும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைப்பதும் வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

தமிழனின் பாக்கெட் கத்தி

ஸ்விஸ்ஸையும் பிரான்ஸையும் தேடுகிறவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டிய ஒன்று நம்மிடமே இருந்தது. பேர் மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் ஓலையில் எழுத எழுத்தாணி, மறுமுனையில் ஓலையைச் சீவி நறுக்கச் சின்னக் கத்தி. இரண்டும் மரத்திலோ கொம்பிலோ தந்தத்திலோ செய்த கைப்பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். கணக்குப்பிள்ளையும் வாத்தியாரும் புலவரும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த கருவி. ‘பேனாக்கத்தி’ என்கிறோமே, வெள்ளைக்காரன் இறகுப் பேனா சீவ வைத்திருந்த கத்தியின் பெயர் அது. நம் ஆட்கள் பேனாவையும் கத்தியையும் ஒன்றாகவே மடக்கி வைத்திருந்தார்கள்!

காகிதம் வந்தது, ஓலை போனது, மடக்கெழுத்தாணியின் தயாரிப்பும் நின்றது. இன்றைக்கு அது ஏலத் தளங்களில் தலைகாட்டும்போது சொந்தப் பெயரோடு வருவது அபூர்வம். ‘இந்திய மடக்குக் கத்தி’, ‘ஓலைச்சுவடிக் கத்தி’ என்று ஆங்கிலத்தில் விற்பவருக்குத் தோன்றிய பெயர்தான் இருக்கும். தேடுகிறவர்கள் அந்தப் பெயர்களையெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்கும்போது ஒரு கவனம் தேவை. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். அதைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தந்தக் கைப்பிடி என்றால் வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும், தொடாமல் இருப்பதே நிம்மதி.

காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பக்கம் பழைய கணக்குப்பிள்ளை வீடோ, வைத்தியர் வீடோ, வாத்தியார் வீடோ உங்கள் சொந்தத்தில் இருந்தால், பரண்மேல் கிடக்கும் மரப்பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். ஓலைக்கட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்து, ‘என்னவோ ஆணி’ என்று ஒதுக்கி வைத்த ஒன்று இருக்கலாம். சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.