சர்க்கார் கொள்முதல் டெண்டரில் உழவர் கம்பெனிகள் கலந்துகொள்ளும் முறை

விளைபொருளை விற்பதற்குச் சந்தையும் கமிஷன் மண்டியுமே உண்டென்னும் எண்ணம் பல கிராமங்களில் இருந்து வருகிறது. சர்க்காரும் ஒரு பெரிய கொள்முதல்காரர் என்பதை அநேகர் நினைப்பதில்லை. சத்துணவுக் கூடங்களுக்கு முட்டையும், நியாய விலைக் கடைகளுக்குத் துவரம் பருப்பும், விடுதிகளுக்கு அரிசி, காய்கறி முதலியனவும், பல இலாகாக்களுக்கு நாற்று, விதை, இயற்கை உரம் ஆகியனவும் ஆண்டுதோறும் வாங்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் பெரும்பான்மையானவை டெண்டர் மூலமாகவே வாங்கப்படுகின்றன. 2002-ம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டதன் பயனாக, உழவர்கள் ஒன்றுகூடி உற்பத்தியாளர் கம்பெனி அமைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. தனி உழவர் ஒருவரால் கொடுக்க இயலாத அளவுச் சரக்கை இத்தகைய கம்பெனி கொடுக்கக் கூடும். ஆயினும், நல்ல சரக்கு கையிலிருந்தும் பல கம்பெனிகள் டெண்டரில் தோல்வியுறுகின்றன. வெற்றி பெற்ற சில நஷ்டமடைகின்றன. முன்னதற்குக் காரணம் காகிதங்களில் நேரும் குறை. பின்னதற்குக் காரணம் அடக்கவிலையைச் சரிவரக் கணிக்காமை. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி கீழே விவரிக்கப்படுகிறது.

ஏலமும் டெண்டரும்

கிராமத்தார் ஏலத்தை நன்கு அறிவார்கள். ஏரிக்கரைப் புளியமரங்களின் பலனும், குளத்து மீன்பாசியும் ஏலத்தில் விடப்படும்பொழுது, பலர் முன்னிலையில் விலை ஏறிக்கொண்டே போகும். அதிகத் தொகை கேட்டவருக்கே பலன் சேரும். கொள்முதல் டெண்டர் இதற்கு நேர்மாறானது. இங்கு சர்க்கார் வாங்குபவர். ஆகையால், நிபந்தனைகள் யாவற்றையும் பூர்த்தி செய்தவர்களுள் குறைந்த விலை கொடுத்தவருக்கே ஒப்பந்தம் கிடைக்கும். மேலும், ஏலத்தில் பிறர் கேட்பதைக் கேட்டுத் தம் விலையை மாற்றிக்கொள்ளலாம். டெண்டரிலோ ஒவ்வொருவரும் தம் விலையை மறைவாகக் கொடுத்துவிட வேண்டும். திறந்த பின்னர் மாற்றுவதற்கில்லை. நிபந்தனையைப் பூர்த்தி செய்யாதவருடைய விலை எவ்வளவு குறைவாயினும் அது கணக்கில் வாராது என்பதையும் மனத்தில் இருத்தல் வேண்டும்.

சட்டமும் அறிவிப்பும்

தமிழ்நாட்டில் இவ்விஷயத்தை 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டமும், அதன் கீழ் 2000-ம் ஆண்டில் ஏற்பட்ட விதிகளும் நிர்வகிக்கின்றன. டெண்டர் கோரும் அதிகாரி யார், அதை ஏற்கும் அதிகாரி யார் என்பது முன்னரே நியமிக்கப்பட்டிருக்கும். டெண்டர் அறிவிப்பு இதற்கென ஏற்பட்ட அறிவிப்பிதழில் வெளிவரும். தற்காலத்தில் சர்க்காரின் டெண்டர் இணையதளத்திலும் காணலாம். மதிப்பு 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டர்களுக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டவற்றிற்கு 30 நாட்களும் அவகாசம் கொடுக்கப்பட வேண்டுமென்பது விதி. அதைக் குறைப்பதாயின் மேலதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்தல் வேண்டும். பதினைந்து நாள் என்பது நீண்ட அவகாசமன்று. அறிவிப்பைக் கண்ட பின்னர் காகிதங்களைத் தேடப் புறப்படுபவர் பெரும்பாலும் காலங்கடந்தே போய்ச் சேருவர்.

இரண்டு உறைகள்

பெரும்பாலான டெண்டர்களில் இரண்டு உறை முறை அனுசரிக்கப்படுகிறது. முதல் உறையில் தகுதிக்கான காகிதங்கள் இருக்கும். இரண்டாவதில் விலை மட்டுமே இருக்கும். முதல் உறை பரிசீலிக்கப்பட்டுத் தகுதி ஏற்கப்பட்டவர்களுடைய இரண்டாவது உறையே திறக்கப்படும். ஆகையால், முதல் உறையில் ஒரு காகிதம் குறைந்தால் விலை உறை திறக்கப்படாமலே போகக்கூடும். விலையை முதல் உறையில் குறிப்பிட்டுவிடுவதும் பெருந்தவறாகும்.

சாதாரணமாகக் கேட்கப்படுபவை யாவை எனில்: கம்பெனியின் பதிவுச் சான்று, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண், சரக்கு சேவை வரிப் பதிவு, சில ஆண்டுகளுக்குத் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், முன்னர் இத்தகைய சரக்கு கொடுத்ததற்கான சான்று, கையெழுத்திடுபவருக்கு அதிகாரமளிக்கும் இயக்குநர் குழுத் தீர்மானம், முன்வைப்புத் தொகை செலுத்தியதற்கு அத்தாட்சி ஆகியனவாம். முன்வைப்புத் தொகை பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாது. சிறு தொழில் பதிவு உடையவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டா என்பதை டெண்டர் ஆவணத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விலக்குக் கோருபவர் அதற்குரிய சான்றை இணைக்க மறத்தலாகாது.

புதிய கம்பெனிகளுக்கு முன் அனுபவச் சான்று கிடைப்பது கடினம். அவை முதலில் சிறு கொள்முதல்களை ஏற்று, ஒழுங்காகச் சரக்கு கொடுத்து, அதற்கான சான்றை அவ்வப்பொழுது வாங்கி வைத்துக்கொள்ளுதல் நலம். ஆவணத்தில் விளங்காத பகுதி ஏதேனும் இருப்பின், குறிப்பிட்ட தேதிக்குள் எழுத்து மூலமாக விளக்கம் கேட்கலாம். வாய்வார்த்தையாகப் பெற்ற விளக்கம் பின்னர் உதவாது.

விலையைக் கணிக்கும் விதம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமென்பது பழமொழி. ஒரு கம்பெனி 200 டன் மண்புழு உரம் கொடுக்க டெண்டர் போடுவதாக உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். கிலோ ஒன்றுக்கு உற்பத்திச் செலவு 6 ரூபாய். சாக்கும் தையலும் 60 காசு. ஏற்றுகூலி, இறக்குகூலி 50 காசு. லாரி வாடகை 1 ரூபாய் 20 காசு. பரிசோதனை முதலிய சில்லறைச் செலவு 20 காசு. ஆக 8 ரூபாய் 50 காசு. ஈரம் வற்றி எடை குறைவதற்கு நூற்றுக்கு 2 வீதம் 17 காசு. பணம் வந்து சேர மூன்று மாதம் ஆகுமென்று கொண்டு, ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி வீதம் 26 காசு. மொத்த அடக்கம் 8 ரூபாய் 93 காசு ஆகிறது. வரி உண்டாயின் அது தனி.

வட்டியையும் எடைக்குறைவையும் வண்டிச் சத்தத்தையும் மறந்து, அடுத்த ஊர்க் கம்பெனியை வெல்ல வேண்டுமென்னும் ஆவலால் 8 ரூபாய்க்கு விலை கொடுத்தால், கிலோவுக்கு 93 காசு வீதம் 1,86,000 ரூபாய் நஷ்டமாகும். இது பங்குதாரர்களாகிய உழவர்களின் கைப்பணம். நஷ்டத்திற்கு அஞ்சிச் சரக்குக் கொடுக்காமல் விலகினால் வைப்புத் தொகை பறிமுதலாகும். மேற்கொண்டு டெண்டர்களில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்படவும் கூடும். 9 ரூபாய் 25 காசுக்குக் கொடுத்தால் 64,000 ரூபாய் மிஞ்சும். அவ்விலையில் ஒப்பந்தம் கிடைக்காமற்போனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இணையம் வாயிலாகச் சமர்ப்பித்தல்

இணைய டெண்டரில் கையெழுத்திற்குப் பதிலாக மின் கையொப்பச் சான்று தேவை. அதனை முன்னதாகவே வாங்கி, இணையதளத்தில் பதிவு செய்து வைத்திருத்தல் வேண்டும். விலைக்கென்று கொடுக்கப்படும் அட்டவணையில் குறித்த கட்டங்களை மட்டுமே நிரப்ப வேண்டும். அதன் அமைப்பை மாற்றினால் ஏற்கப்படாது. இணையதளத்தின் கடிகாரமே பிரமாணம். கெடு முடிந்த பின் ஒரு நிமிஷமாயினும் ஏற்கப்படமாட்டாது. கடைசி நாளில் மின்சாரமோ இணைய இணைப்போ தடைப்பட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகையால், இரண்டு நாட்களுக்கு முன்னரே சமர்ப்பித்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை எடுத்துப் பத்திரப்படுத்துதல் சாலச் சிறந்தது.

முடிவும் முறையீடும்

டெண்டர் ஏற்கப்பட்ட பின்னர், யாருடையது ஏற்கப்பட்டது, மற்றவை எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டன என்னும் விவரங்களை அறிவிப்பிதழுக்கு அதிகாரி அனுப்ப வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. முடிவினால் பாதிக்கப்பட்டவர் உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் சர்க்காருக்கு மேல்முறையீடு செய்துகொள்ளலாம். காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் வதந்தியை நம்பி மனக்கசப்படைவதில் பயனில்லை. நிராகரிப்பின் காரணத்தை எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த டெண்டரில் அதே குறை நேராது.

ஒப்பந்தம் கிடைத்தவர் பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படாத ஜாமீன் தொகை கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில், 18,50,000 ரூபாய் ஒப்பந்தத்திற்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 92,500 ரூபாய் முடங்கியிருக்கும். இதற்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ள வேண்டும். சரக்கு ஒப்படைக்குந்தோறும் எடை, தரம், தேதி ஆகியவற்றிற்கு அத்தாட்சி பெற வேண்டும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலினர் கொடுத்து ஏற்கப்பட்ட சரக்கிற்கு 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் கொடுக்கப்பட வேண்டும். தவறினால் வட்டி கோரலாம். அத்தாட்சி கையில் இல்லாதவர் இவ்வுரிமையை நிலைநாட்டுவது கஷ்டம்.

விலக்க வேண்டிய வழக்கம்

சில ஊர்களில் ஏலத்திற்கு முன் போட்டியாளர்கள் கூடிப் பேசி, ஒருவருக்கு விட்டுக்கொடுத்துப் பின்னர் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. டெண்டரில் இவ்வாறு செய்வதை 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. அபராதமும் விதிக்கப்படலாம். இதனை உழவர் கம்பெனிகள் அறவே விலக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடிய உதவி மிகப் பெரிது. தம் அலுவலகத்திற்கு வரும் டெண்டர் அறிவிப்புகளைக் கட்டில் வைத்துக் கட்டிவிடாமல், அன்றே பலகையில் ஒட்டி, உழவர் குழுக்களுக்கு ஒரு சொல் சொல்லியனுப்பினால் போதும். உழவர் கம்பெனிகளும் மேற்சொன்ன காகிதங்களை ஒரு கோப்பில் எப்பொழுதும் தயாராக வைத்து, அடக்கவிலையைக் காசு வரையில் கணித்து, ஆவணத்தை முதலிலிருந்து கடைசி வரையில் படித்த பின்னரே விலை குறித்து, இவ்வழியில் நற்பலனடைவார்களாக.