பொன் விளைந்த ஊரும் பால் சுரக்கும் ஊர்களும்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளைப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் எனச் சிறு நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. கோலார் தங்கவயல் என்று நாம் அறிந்த ஊர் இதுதான். கர்நாடக மண்ணில் அமைந்திருந்தாலும் இதன் தெருக்களில் நாம் மிகுதியாகக் கேட்பது தமிழே. வடாற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. சுரங்கங்களுக்காகவே 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றது. வேலை, லைன் வீடு, மருத்துவமனை, பள்ளி என அனைத்தும் சுரங்கத்தைச் சார்ந்தே இருந்தன. சுரங்கத்தின் சங்கொலியே ஊரின் கடிகாரம். சம்பள நாளே கடைத்தெருவின் திருநாள்.

ஆழம் கூடக் கூடச் செலவு பெருகியது. பாறையில் கிடைத்த பொன்னோ குறைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஒரே வருவாயை நம்பியிருந்த ஊரில் அது நின்றபோது, மளிகைக் கடை முதல் தையற்கடை வரை எல்லாத் தொழிலும் தளர்ந்தன. பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பத் தொடங்கினர். இன்றும் அப்பயணம் தொடர்கிறது. ஊரை விட்டுப் போக மனமில்லாமல், நாள்தோறும் பல மணி நேரத்தை இருப்புப் பாதையில் செலவிடுகிறார்கள்.

ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களின் கதை வேறு. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஏரிகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பியே வேளாண்மை நடக்கிறது. ஆதலால் இங்குள்ள உழவர்கள் ஒரே பயிரை நம்புவதில்லை. முசுக்கொட்டை, தக்காளி, மா ஆகியவற்றோடு வீட்டுக் கொட்டிலில் இரண்டு, மூன்று கறவை மாடுகளும் நிற்கின்றன.

காலையும் மாலையும் கறந்த பால் கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் அளக்கப்பட்டுத் தரத்துக்கேற்ற விலை கணக்கிடப்படுகிறது. தக்காளி விலை ஒரே வாரத்தில் சரியக்கூடும். பால் பணம் சிறிதாயினும் தவறாமல் வரும். சாணம் வயலுக்கு எருவாகிறது; வயலின் பசும்புல் மாட்டுக்குத் தீவனமாகிறது. பல இல்லங்களில் மாட்டைப் பேணுபவர் பெண்களே என்பதால், அவர்களின் கையிலும் பணம் புழங்குகிறது.

இதிலும் இடர் இல்லாமல் இல்லை. மழை பொய்த்தால் தீவனம் விலையேறும்; கோமாரி வந்தால் பால் வற்றும்; கடனில் வாங்கிய மாடு இறந்தால் தவணை மட்டும் மிஞ்சும். எனவே தடுப்பூசியும் கால்நடைக் காப்பீடும் தீவனத்தைப் போலவே இன்றியமையாதவை என்று கருதுகிறோம். கிசான் கடன் அட்டை வசதி, 2018-19 முதல் கால்நடை வளர்ப்போரின் நடைமுறைச் செலவுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது.

தங்கவயலின் உழைப்பாளிகள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். உயிரைப் பணயம் வைத்துப் பூமிக்கடியில் உழைத்தார்கள். அவர்கள் தளர்ந்தது சோம்பலாலோ ஊதாரித்தனத்தாலோ அன்று. ஊர் முழுவதற்கும் வருவாயின் வாயில் ஒன்றே ஒன்றாக இருந்ததால்தான். அருகிலுள்ள சிற்றூர்களோ, பெருஞ்செல்வம் காணாவிடினும், ஒரு வாயில் அடைபட்டால் மற்றொன்றின் வழியே மூச்சுவிடுகின்றன.

நம் இல்லத்துக்கு எத்தனை வாயில்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்போம். ஒன்றே எனில், சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் இந்நாளிலேயே இரண்டாவதைத் திறக்கத் தொடங்குவோம்.