கரு கிடைத்த இடம் – 9: எட்டுக்கண்ணியின் பொறுமை

புத்தரின் மகன் ராகுலன், வஜ்ர சந்திரசேகரவின் நாவலில் அப்பனைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்பட்ட பிள்ளையாக மாறிய கதையைப் போன வாரம் பார்த்தோம். அவ்வளவுதான் முன்கதை, விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் நாவலாசிரியர் ரே நெய்லரோடு வியட்நாம் கடலில் இறங்கி ஆக்டோபஸ்களைப் பார்ப்பதாகப் பேச்சு. இறங்கலாம். அதற்குமுன் ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கியின் ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ பற்றி இரண்டு பத்தி சொல்லிவிட்டால் நெய்லரின் கதை எளிதாகப் புரியும் என்று நினைத்தேன். இரண்டு பத்திக்காகப் படிக்கப் போன இடத்தில் ஒரு சிலந்தி என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது.

முதலில் நாவல். 2015-இல் வந்தது. மனிதர்கள் தொலைதூரக் கிரகம் ஒன்றை உயிர்கள் வாழத் தோதாக மாற்றுகிறார்கள். அதில் குரங்குகளை இறக்கி, கூடவே ஒரு வைரஸையும் விட்டு, பரிணாமத்தை முடுக்கிவிட்டுக் குரங்கை அறிவாளியாக்குவது திட்டம். குரங்குகள் தரையிறங்கும் முன்பே எரிந்து சாகின்றன. வைரஸ் மட்டும் போய்ச் சேருகிறது. அது தொற்றிக்கொண்ட உயிர்களில் ஒன்று குதிக்கும் சிலந்தி. பிறகு சிலந்திகளின் பல ஆயிரம் ஆண்டு வரலாறு. தலைமுறைக்குத் தலைமுறை நாயகிக்குப் பெயர் போர்ஷியா. கூடவே பியாங்கா, வயோலா, ஃபேபியன் என்று எல்லாம் ஷேக்ஸ்பியர் வீட்டுப் பிள்ளைகள்.

போர்ஷியா என்பது நிஜச் சிலந்திக்கும் பெயர்தான். குதிக்கும் சிலந்திகளில் ஒரு பேரினம். அதில் லேபியாட்டா என்ற இனம் இலங்கையிலும் இந்தியாவிலும் தொடங்கிப் பிலிப்பைன்ஸ் வரை வாழ்கிறது. சைக்கோவ்ஸ்கி படித்தது விலங்கியலும் உளவியலும்; பிழைப்புக்குப் பார்த்தது லீட்ஸ் நகரில் சட்ட அலுவலக வேலை. பூச்சிக் குணம் கொண்ட மனித இனங்களை வைத்துப் பத்து பாகம் எழுதி முடித்த மனிதர். அப்படிப்பட்டவர் கண்ணில் போர்ஷியா பட்டபிறகு சும்மா இருப்பாரா? 2016-இல் இந்த நாவலுக்கு ஆர்தர் சி. கிளார்க் விருது கிடைத்தது. கிளார்க் 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவர் வீட்டுத் தோட்டத்திலேயே நாவலின் நாயகி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சரி, அந்தச் சிலந்தியிடம் அப்படி என்ன இருக்கிறது?

உடல் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். அசையாமல் இருந்தால் வலையில் சிக்கிய காய்ந்த இலைத்துணுக்கு என்றே தோன்றும். அதற்குப் பிடித்த உணவு மற்ற சிலந்திகள். அதாவது, தன்னையே தின்னக்கூடிய பிராணியைத் தேடி, அதன் வீட்டுக்குள்ளேயே போகிறது. வலையின் ஓரத்தில் நின்று காலால் இழையைச் சுண்டும். சிக்கிய பூச்சி துடிப்பதைப் போல ஒரு தாளம். வலைக்காரி திரும்பிப் பார்க்கவில்லையென்றால் வேறு தாளம், அதற்கும் மசியாவிட்டால் இன்னொன்று. எதற்கு அசைவு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கும். காற்று வீசி வலை ஆடும் நேரம் பார்த்து நாலடி முன்னேறும். அப்போது அதன் காலடி அதிர்வு தனியாகத் தெரியாது அல்லவா.

வலையைத் தொட்டாலே உலுக்கி எறியும் ஒருவகைச் சிலந்தி ஆஸ்திரேலியக் காடுகளில் உண்டு. அதனிடம் தாளம் எடுபடாது. போர்ஷியா என்ன செய்கிறது? நின்று பார்க்கிறது. பிறகு இரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறது. இரை கண்ணிலிருந்தே மறைந்துவிடும். சுற்றி வளைத்து, பாறையிலோ கொடியிலோ ஏறி, வலைக்கு நேர் மேலே வந்து, சொந்த இழையில் தொங்கி இறங்கி, வலையைத் தொடாமலே கடிக்கிறது. இந்தச் சுற்றுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரமும் கண்ணில் படாத இரை அந்தத் தலைக்குள் எங்கே இருந்தது?

தலை என்றால் எவ்வளவு தலை! நமக்கு மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். போர்ஷியாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 6 லட்சம். எட்டுக் கண்களில் முன்னால் உள்ள பெரிய ஜோடி நீண்ட குழாய்கள். கூர்மையில் மனிதக் கண்ணுக்கு ஐந்தாறு மடங்குதான் குறைவு. ஆனால் அதில் ஒரு சமயத்தில் தெரிவது சின்னஞ்சிறு வட்டம் மட்டுமே. சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து ஒரு வீடு முழுவதையும் பார்ப்பது போலத்தான் அது உலகத்தைப் பார்க்கிறது. விழித்திரையைத் தசைகளால் அங்கும் இங்கும் நகர்த்தி, துண்டு துண்டாக வாங்கி, சேர்த்துக்கொள்கிறது. இதனால்தான் அது அப்படி நின்றுகொண்டே இருக்கிறது. சோம்பல் இல்லை, பார்த்து முடிக்கவே அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

நாவலாசிரியர்களைக் கவிழ்த்தது இந்த நிற்றல்தான் என்பது என் கட்சி. புத்திசாலி விலங்குகள் உலகில் நிறைய. சிறிய மூளை, பற்றாக்குறையை நேரத்தால் ஈடுகட்டுகிறது என்பது வேறு சங்கதி. கனடாக்காரர் பீட்டர் வாட்ஸ் இதைத்தான் எடுத்துக்கொண்டார். கடல் உயிரியல் படித்து எழுத்துக்கு வந்தவர். சைக்கோவ்ஸ்கிக்கு ஒரு வருடம் முன்பு, 2014-இல் வந்த அவருடைய ‘எக்கோப்ராக்ஸியா’வில் சூரியனுக்கு அருகே உள்ள நிலையமொன்றில் பூசணம் போலப் படர்ந்து யோசிக்கும் ஒரு வஸ்து வருகிறது. அதற்கு வைக்கும் பெயர் போர்ஷியா, இந்தச் சிலந்தியை நினைத்து. ஒரே பூச்சியிடமிருந்து அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு நாவல்கள்! வாட்ஸுக்குக் கிடைத்தது திகில். சைக்கோவ்ஸ்கிக்கு ஒரு நாகரிகமே கிடைத்தது.

இனி என்னைப் பிடித்து உட்காரவைத்த விஷயம். அதற்குப் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸுக்குப் போகவேண்டும். பெயர் புதிதாகத் தோன்றினாலும் நம் வயல்களுக்குப் பழைய சொந்தம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான். 1966-இல் ஐ.ஆர்.எட்டு நெல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர் நம் எம்.எஸ்.சுவாமிநாதன். நெல் நிலையத்தில் சிலந்திக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். புகையான் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பதில் சிலந்திக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்தடித்துச் சிலந்தியை ஒழித்தால் புகையான் பெருகும். இது விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் நெல்வயல் சிலந்திகளுக்கென்றே தடித்த புத்தகம் எழுதிய ஆல்பர்ட்டோ பாரியோன் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் போர்ஷியாவுக்காகவே வாழ்க்கையைக் கொடுத்த ராபர்ட் ஜாக்சனோடு சேர்ந்து 1998-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களில் பாரியோனும் ஒருவர். நியூசிலாந்துக் காட்டில் போர்ஷியா கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்சன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து ஆய்வகத்தில் குடிவைத்தார்.

லாஸ் பான்யோஸில் துப்பும் சிலந்தி ஒன்று வாழ்கிறது. எதிரே எது வந்தாலும் வாயிலிருந்து பசையைத் துப்பித் தரையோடு ஒட்டிவிடும். அதற்கும் குதிக்கும் சிலந்திகள்தான் விருப்ப உணவு. ஆகவே நேருக்கு நேர் போனால் போர்ஷியா காலி. அது சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போகிறது. இதுவரை வியப்பில்லை. துப்பும் சிலந்தியின் பெண், முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு திரியும். துப்பவேண்டுமானால் முட்டையைக் கீழே போடவேண்டும். எந்தத் தாயும் யோசிப்பாள். போர்ஷியாவுக்கு அது தெரியும்! வாயில் முட்டை இருக்கிற தாய் என்றால் சுற்றுவழியை விட்டுவிட்டு முன்பக்கமாகவே குறுக்குவழியில் போகிறது. ஆய்வகத்தில் வளர்ந்து, துப்பும் சிலந்தியை அதுவரை சந்தித்தே இராத போர்ஷியாவும் இதையே செய்கிறது.

யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. லாஸ் பான்யோஸில் பல தலைமுறை போர்ஷியாக்கள் பசையில் ஒட்டிச் செத்ததன் மிச்சம் அந்தக் குஞ்சுக்குள் இருக்கிறது.

ஜாக்சன் குழு இன்னொன்றும் செய்தது. லூசோன் தீவின் மலையூரான சகாடாவில் போர்ஷியா உண்டு, துப்பும் சிலந்தி இல்லை. இரண்டு ஊர்ச் சிலந்திகளையும் தண்ணீர்த் தட்டின் நடுவே குட்டித் தீவில் விட்டார்கள். தப்பிக்க இரண்டே வழி: தாவலாம், நீந்தலாம். எது ‘சரி’ என்பதை ஆய்வாளர்கள் முன்கூட்டியே தம் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடுவார்கள். சரியானதைச் செய்தால் மெல்ல அலை எழுப்பிக் கரைப்பக்கம் தள்ளிவிடுவார்கள். தவறென்றால் தீவுக்கே திருப்பித் தள்ளுவார்கள். இயற்கையில் எந்தச் சிலந்திக்கும் வராத இக்கட்டு இது. லாஸ் பான்யோஸ்காரி பலித்த வழியை மறுபடி செய்தாள், பலிக்காத வழியை மாற்றினாள். சகாடாக்காரிக்கு அந்தச் சூட்சுமம் பிடிபடவில்லை. ஆபத்தான அண்டைவீட்டாரோடு வாழ்ந்த வம்சத்துக்குப் புதுச் சிக்கலிலும் கை ஓங்கியிருக்கிறது. 2006-இல் வந்த ஆய்வு இது.

இதைப் படித்தபிறகு நாவலைத் திரும்ப எடுத்தேன். அதில் ‘புரிதல்கள்’ என்று ஒன்று வருகிறது. ஒரு சிலந்தி பாடுபட்டுக் கற்றதை வைரஸ் அதன் வித்தில் எழுதிவிடும். பேத்தி பிறக்கும்போதே அந்த வித்தையோடு பிறப்பாள். முதல்முறை படித்தபோது கதையை வேகமாக நகர்த்த ஆசிரியர் போட்ட வசதியான குறுக்குப்பாலம் என்றுதான் எனக்குப் பட்டது. பள்ளிக்கூடம் கட்டுகிற தொல்லை இல்லை பாருங்கள். இப்போது அது போர்ஷியாவின் குணத்தையே கொஞ்சம் நீட்டி எழுதியதாகத் தோன்றுகிறது. நிஜத்தில் கற்றது குஞ்சுக்குப் போகாது. பிழைத்தவளின் வம்சம் நிற்கும், அவ்வளவுதான். அதற்குப் பல தலைமுறை வேண்டும். சைக்கோவ்ஸ்கி அந்தத் தாமதத்தை மட்டும் வெட்டினார்.

மற்றபடி சிலந்தியைச் சிலந்தியாகவே விட்டார் என்பதுதான் புத்தகத்தின் பெருமை. அவற்றின் பேச்சு இழையில் ஓடும் அதிர்வு. நகரம் பட்டால் ஆனது. நெருப்பை நம்பமுடியாத ஊரில் உலோகத் தொழில் எப்படி வளரும்? அதனால் எறும்புக் கூட்டத்தை வாசனை ரசாயனத்தால் ஏவி, கணினியாக ஓட்டுகிறார்கள். பெண் போர்ஷியா ஆணைத் தின்றுவிடுவது இயற்கையில் நடப்பதே. நாவலில் அது ஆண்களின் உரிமைப் போராட்டமாக விரிகிறது. ஃபேபியன் என்ற ஆண் சிலந்தி கேட்பது, கொல்லப்படாமல் இருக்கும் உரிமையை! சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோ எனக்கு உயிர். ஆனால் ஜீனோ, நாய்த்தோல் போர்த்திய கெட்டிக்கார ஸ்ரீரங்கத்து மாமா. போர்ஷியாவுக்குள் எந்த மாமாவும் இல்லை. இதே புத்தகத்தில் கடைசி மனிதர்களைச் சுமந்துவரும் கப்பல் அத்தியாயங்கள் எனக்கு இழுவை. அவற்றில் சண்டை, சதி, உறக்கம், மறுபடி சண்டை. எப்போது சிலந்திகளிடம் திரும்புவார் என்றே பக்கங்களைத் தள்ளினேன்.

இடையில் ஒரு விருதுக் கதை. ‘சில்ட்ரன் ஆஃப் டைம்’ நாவல் வரிசைக்கு 2023-இல் சீனாவின் செங்டு மாநாட்டில் சிறந்த தொடருக்கான ஹியூகோ கிடைத்தது. தகுதியான சில படைப்புகள் போட்டியிலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தது அடுத்த ஆண்டு வெளியே வந்ததும், அந்த விருதை இனித் தன் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார் சைக்கோவ்ஸ்கி.

இந்த இடத்தில்தான் ஆக்டோபஸ் வந்திருக்கவேண்டும். சைக்கோவ்ஸ்கியே இரண்டாம் பாகமான ‘சில்ட்ரன் ஆஃப் ரூயின்’ நாவலில் ஆக்டோபஸுக்குத் தாவிவிட்டார். நெய்லர் 2022-இல் எழுதிய ‘தி மவுன்டன் இன் த சீ’யில் அதையே நம் பூமியில், வியட்நாமின் கொண்டாவோ தீவுகளில் வைத்தார். அமெரிக்கத் தூதரகப் பணியில் வியட்நாமில் சுற்றுச்சூழல், அறிவியல் விவகாரங்களைப் பார்த்த மனிதர். கொண்டாவோ, பிரெஞ்சுக்காரர்கள் சிறைத்தீவாக்கிய இடம், பிறகு கைதிகளை அடைத்த புலிக்கூண்டுகளுக்குப் பேர்போன இடம். அங்கே ஏன் ஆக்டோபஸுக்கு மொழி முளைக்கவேண்டும்? போர்ஷியாவுக்கு வம்சத்தின் மிச்சமாவது இருக்கிறது. ஆக்டோபஸ் முட்டையிட்டு, பட்டினி கிடந்து காத்து, குஞ்சு பொரியும் நேரத்தில் செத்துப்போகும். அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளவே வாய்ப்பில்லை. நெய்லரின் நாவல் முழுக்க இந்த முடிச்சின் மேல்தான் நிற்கிறது.

பக்கம் முடிகிறது, அச்சகத்திலிருந்து ஆள் வந்தாயிற்று. கலிஃபோர்னியாவின் மான்டரே கடற்பள்ளத்தில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரே பாறையில் 53 மாதம் முட்டைகளோடு உட்கார்ந்திருந்த ஆக்டோபஸ் ஒன்றையும் பிடித்து வைத்திருக்கிறேன். கொண்டாவோ அடுத்த வாரம். நெய்லரின் மாமூத் யானைக் குறுநாவலும் அடுத்த வாரமேயா என்பது, அந்தத் தாய் எத்தனை பத்தி எடுத்துக்கொள்கிறாள் என்பதைப் பொறுத்தது.

(தொடரும்)