சாகசச் சித்திரக்கதையும் சிந்தும் குருதியும்



இலக்கியத் தொடரொன்றிலே சித்திரக்கதைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களிலே என் வயதையொத்த பலர் தமிழை விரைந்து வாசிக்கப் பழகியது பாடநூலினால் மட்டுமன்று. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய ‘முத்து காமிக்ஸ்’, 1984இல் தொடங்கிய ‘லயன் காமிக்ஸ்’, ‘ராணி காமிக்ஸ்’ ஆகியனவும் எமக்கு ஆசான்களாக இருந்தன. இரும்புக்கை மாயாவியை அறியாத சிறுவன் எங்கள் வகுப்பிலே இருக்கவில்லை. மின்சாரம் உடலிற் பாய்ந்ததும் அவன் மறைந்துவிடுவான்; இரும்புக்கை மட்டும் வெளியிலே மிதக்கும். ‘டமால்’ என்று ஓர் எழுத்து வெடிக்கும். வில்லன் விழுவான். இரத்தம் இராது. அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

இன்றைய மாணவர் கைத்தொலைபேசியிலே வாசிக்கும் அமெரிக்கச் சாகசக் கதைகள் அவ்வாறானவையல்ல. தலை சிதறுகிறது, கை தனியே கிடக்கிறது, பக்கமெல்லாம் சிவப்பு. “சேர், இதைப் படிக்கிற பிள்ளை என்னவாகும்?” என்று நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியிலே ஒரு தாயார் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி புதியதன்று. சுப்பர்மேன் 1938இலும் பட்மேன் 1939இலும் தோன்றினர். தொடக்க காலப் பட்மேன் கொலைக்கு அஞ்சாதவர். 1940இல் வெளிவந்த அவருடைய முதலாவது தனி இதழிலே வானூர்தியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியாற் சுடுகிறார். அதன் பின்னரே, அவர் கொல்லலாகாது என்ற விதியைப் பதிப்பாசிரியர் வகுத்தார். 1954இல் பிரெட்ரிக் வெர்தம் என்ற உளநல மருத்துவர், சித்திரக்கதைகளே சிறுவரைக் கெடுக்கின்றன என்று நூலெழுதினார். அமெரிக்க மேற்சபையின் உபகுழு விசாரணை நடத்தியது. அச்சமுற்ற பதிப்பாளர்கள் அவ்வாண்டே தமக்குத் தாமே ஓர் ஒழுக்கக் கோவையை விதித்துக்கொண்டனர். மிகையான இரத்தம் கூடாது, நன்மையே வெல்லவேண்டும் என்றெல்லாம் அது கட்டளையிட்டது. அந்தக் கோவை 2011இலேதான் முற்றாக வழக்கொழிந்தது. வெர்தம் தம் சான்றுகள் சிலவற்றைத் திரித்தே எழுதினார் என்பதை, கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து 2012இல் வெளிப்படுத்தினார். ஆகவே, படக்கதை படித்தவன் கொலைகாரனாவான் என்று இலகுவாகத் தீர்ப்புச் சொல்லிவிட இயலாது.

அப்படியானால் இரத்தத்தை எதைக்கொண்டு அளப்பது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே ஓர் அளவுகோல் தருகிறார். உறுப்பறுத்தலும் கொலையும் வெகுளி பிறக்கும் இடங்கள் என்கிறார். இழவு, அழுகை பிறக்கும் இடம் என்கிறார். ஒரே சாவுதான், வெட்டியவனைப் பார்த்தால் வெகுளி, இழந்தவரைப் பார்த்தால் அழுகை. கொலையைக் காட்டும் கதை வெகுளியோடு நின்றுவிடுகிறதா, இழவு வரைக்கும் நடக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

நம்முடைய இலக்கியத்தில் இரத்தம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. கலிங்கத்துப்பரணியிலே பேய்கள் போர்க்களத்திற் கூழ் அடுகின்றன. சயங்கொண்டாரின் சந்தம் நம்மை மயக்கிவிடுகிறது. ஆனால் அங்கே மாண்ட கலிங்க வீரனுக்குப் பெயருமில்லை, தாயுமில்லை. வென்றவன் புகழ் பாடும் நூலுக்கு அது தேவைப்படவில்லை. பழையது என்பதற்காக நாம் இந்தக் கேள்வியிலிருந்து அதற்கு விலக்களிக்கலாகாது.

மகாபாரதமோ வேறுவகை. எங்கள் கரையோரத்து உடப்பிலே ஆடி மாதந்தோறும் திரௌபதையம்மன் ஆலயத்திலே தீமிதிப்பு நடைபெறும். அவிழ்த்த கூந்தலும் இரத்தச் சபதமும் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் வியாசர் சபதம் நிறைவேறியதோடு கதையை முடித்துவிடவில்லை. போர் ஓய்ந்ததும் ஸ்திரீ பருவம் என ஒரு முழுப் பருவத்தையே பெண்களுக்குக் கொடுக்கிறார். காந்தாரி களத்தைப் பார்க்கிறாள். அறுந்த தலைக்குரிய உடலைத் தேடி அலையும் மனைவியரைப் பார்க்கிறாள். தன் மக்களுக்காக மட்டும் அவள் அழவில்லை. பகைவர் மகனான அபிமன்யுவின் உடலருகே உத்தரை கதறுவதையும் கண்டு புலம்புகிறாள். அங்கே இரத்தம் குறைவில்லை. ஆனால் அதைப் பார்க்கும் கண் தாயின் கண்.

சாகசச் சித்திரக்கதையும் இவ்விடத்துக்கு வந்ததுண்டு. 1973இல் வெளிவந்த ஸ்பைடர்மேன் 121ஆம் இதழிலே அவனுடைய காதலி குவென் ஸ்டேசி பாலத்திலிருந்து தள்ளப்படுகிறாள். அவன் வலைவீசி அவளைப் பிடிக்கிறான். பிடித்த அதிர்ச்சியிலேயே அவள் கழுத்து முறிந்திருக்கலாம் என்பதை, கழுத்தருகே எழுதிய ஒரு சிறு ஒலிச்சொல் உணர்த்துகிறது. ஒழுக்கக் கோவை நடைமுறையில் இருந்த காலம், குருதி கொட்டவில்லை. ஆயினும் காப்பாற்ற நீண்ட கையே கொன்றதோ என்ற துயரம், ஐம்பது ஆண்டுகள் கடந்தும் வாசகரை விடவில்லை.

1986-87இல் அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ பன்னிரண்டு இதழ்களாக வந்தது. இறுதி இதழ் ஆறு முழுப்பக்கப் பிணக்காட்சிகளோடு தொடங்குகிறது. உரையாடல் இல்லை. ஆனால் அதற்கு முன்னர், பத்திரிகை விற்கும் ஒரு முதியவரையும், அவர் கடையோரம் அமர்ந்து சித்திரக்கதை படிக்கும் சிறுவனையும் நாம் பல இதழ்களிலே சந்தித்திருக்கிறோம். இருவருக்கும் பெர்னார்ட் என்ற ஒரே பெயர். நகரம் அழியும் கணத்திலே ஒருவரையொருவர் கட்டிக்கொள்கின்றனர். ஆகவே அந்த ஆறு பக்கங்களிலும் கிடப்பவை நமக்குப் பிணங்களல்ல, அயலவர். பின்வந்த பலர் அந்தப் பிணக்காட்சியைக் கற்றுக்கொண்டனர். பத்திரிகைக் கடையைக் கற்றுக்கொள்ளவில்லை. இன்றைய மலிவான கதைகளின் குறை அதுவே.

இது வெறும் இரசனைப் பிரச்சினையன்று. 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலானோர் அடைக்கலம் புகுந்தது எங்கள் மாவட்டத்திலேதான். 2019 ஏப்ரல் 21இலே தேவாலயத்தில் குண்டு வெடித்த கட்டுவாப்பிட்டி, எமது தெற்கு எல்லைக்கு அப்பால் அதிக தூரமில்லை. இழந்தவர் பிள்ளைகளும் இழக்காதவர் பிள்ளைகளும் இங்கே ஒரே பேருந்திலே பள்ளிக்குப் போகின்றனர். சிதறிய உடலை விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பழகிய கண், பக்கத்து இருக்கையிலே இருப்பவனின் இழவையும் அவ்வாறே தள்ளிவிடக்கூடும். என் அச்சம் அதுவே.

ஆயினும் புத்தகத்தைப் பறிக்கச் சொல்லமாட்டேன். பறித்தால் பிள்ளை ஒளித்து வாசிப்பான். தரம் பத்து மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: கதையிலே கதாநாயகன் கொன்ற ஒருவனைத் தெரிந்தெடுத்து, விடுபட்ட கட்டமொன்றை வரைந்து வாருங்கள் என்றேன். அதிகம் பேசாத மாணவன் ஒருவன், சோற்றுக் கோப்பையை மூடிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை வரைந்திருந்தான். வகுப்பிலே எவரும் சிரிக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் அருகிலமர்ந்து அந்தப் பக்கங்களைப் பாருங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணவேண்டாம். செத்தவனின் பெயர் என்ன, அவனுக்காக யார் அழுதார்கள் என்று கேளுங்கள். விடை சொல்ல முடிகின்ற கதையானால், இரத்தம் இருந்தாலும் படிக்கட்டும். முடியாவிட்டால், அந்தக் கதையிலே என்ன இல்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.