பிச்சையாக வந்த மணிமுடி! சோழர் பரம்பரை முடிந்த கதை

தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழனை நமக்குத் தெரியும். கங்கைக் கரை வரை படை அனுப்பிய அவன் மகன் ராஜேந்திரனையும் தெரியும்.

அந்தப் பரம்பரையின் கடைசி அரசன் யார்?

அவன் பெயரும் ராஜேந்திரன்தான்! அவனுக்கு முன் ஆண்டவன் பெயர் ராஜராஜன். பெயர்கள் அதேதான், பழைய பெருமைதான் இல்லை.

விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்தது ஏறக்குறைய 850-ம் ஆண்டில். கடைசி ராஜேந்திரனின் ஆட்சி 1279-ல் முடிந்தது. 400 ஆண்டுகளுக்கு மேல் ஓங்கி நின்ற அந்தக் குலம் எப்படி விழுந்தது?

ஒரே போரில் விழவில்லை. முதலில் மானம் போயிற்று. பிறகு மண் போயிற்று.

இடிந்த மண்டபம்

மூன்றாம் குலோத்துங்கன் 1178-ல் பட்டத்துக்கு வந்தான். சோழர்களில் கடைசிப் பெருவீரன் இவனே. கும்பகோணத்தை அடுத்த திரிபுவனத்தில் உள்ள பெரிய சிவன் கோவில் இவன் கட்டியது.

மதுரை மீது இவன் மூன்று முறை படையெடுத்தான். கடைசிப் படையெடுப்பில் குலசேகர பாண்டியன் தோற்றான்.

குலோத்துங்கன் வெற்றியோடு திரும்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பாண்டிய மன்னர்கள் முடிசூடும் மண்டபத்தையே இடித்துத் தள்ளினான்.

மண்டபம் இடிந்தது. ஆனால் பாண்டியர் நெஞ்சில் பகை வளர்ந்தது.

பழிக்குப் பழி

1216-ல் மாறவர்மன் சுந்தர பாண்டியன் அரியணை ஏறினான். சில ஆண்டுகளுக்குள் பெரும் படையோடு சோழ நாட்டில் புகுந்தான்.

தஞ்சாவூர் எரிந்தது! உறையூர் எரிந்தது! மாட மாளிகைகள் மண்ணாயின. இடித்த இடத்தில் கழுதையைப் பூட்டி ஏர் உழுதார்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் பாண்டியன் தொடவில்லை. அது ஒரு பதினாறு கால் மண்டபம். பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகால் சோழன் அதைப் பரிசாகக் கொடுத்தான் என்று சொல்வார்கள். கோபத்திலும் தமிழை மறக்கவில்லை பாண்டியன்!

சோழர்களின் முடிசூட்டு மண்டபத்திலேயே அவன் வீராபிஷேகம் செய்துகொண்டான். பிறகு தில்லைக்குப் போய் நடராஜரை வணங்கினான்.

முதுமை அடைந்த குலோத்துங்கன் நாட்டை விட்டு ஓடினான். அவனுக்கு உதவ ஹொய்சள மன்னரின் படை வந்தது. இப்போதைய கர்நாடகத்தில் உள்ள ஹளேபீடுதான் ஹொய்சளர்களின் தலைநகரம். அன்று அதன் பெயர் துவாரசமுத்திரம்.

முடிவில் பொன்னமராவதியில் சோழனின் மணிமுடியைப் பாண்டியன் திருப்பிக் கொடுத்தான். கல்வெட்டுகள் அவனை 'சோணாடு கொண்டு முடி வழங்கிய' சுந்தர பாண்டியன் என்று புகழ்கின்றன.

முடி கிடைத்தது. ஆனால் அது பிச்சையாகக் கிடைத்த முடி!

சிறையில் சோழ மன்னன்

அந்த முடியோடு மூன்றாம் ராஜராஜன் ஆண்டான். குலோத்துங்கனைப் போல இவன் வீரன் அல்ல. பாண்டியனுக்குக் கட்டவேண்டிய கப்பத்தை நிறுத்தினான், படையெடுத்தான், தோற்று ஓடினான்.

ஓடிய வழியில் ஒருவன் காத்திருந்தான். அவன்தான் கோப்பெருஞ்சிங்கன். சோழர்களுக்கு அடங்கி நடந்த காடவர் குலத்தவன். அவன் ராஜராஜனைப் பிடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ள சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். இது நடந்தது 1231-ல்.

சக்கரவர்த்தியைச் சிற்றரசன் சிறையில் அடைத்தான்!

செய்தி ஹொய்சள மன்னன் நரசிம்மனுக்கு எட்டியது. 'சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற என் பெயரைக் காப்பாற்றும் வரை என் எக்காளம் ஊதப்படாது' என்று அவன் சபதம் செய்தானாம். அவனுடைய தளபதிகள் இருவர் கோப்பெருஞ்சிங்கனின் ஊர்களை அழித்துக்கொண்டே முன்னேறினார்கள். கோப்பெருஞ்சிங்கன் பணிந்தான். ராஜராஜன் விடுதலை ஆனான்.

இந்தக் கதை முழுவதும் கடலூருக்கு அருகே திருவயிந்திரபுரம் கோவிலில் கல்வெட்டாக இருக்கிறது.

மாமன் மாறினான்

1246-ல் மூன்றாம் ராஜேந்திரனின் ஆட்சிக் கணக்கு தொடங்கியது. இவன் சுறுசுறுப்பானவன். பாண்டியர்களைப் போரில் வென்றான். சோழக் கொடி மறுபடியும் உயர்ந்தது.

அது ஹொய்சளர்களுக்குப் பிடிக்கவில்லை. சோழன் தளர்ந்தபோது தாங்கியவர்கள், சோழன் நிமிர்ந்ததும் பாண்டியன் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு பேரும் ஓங்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

அப்போது ஹொய்சள மன்னன் நரசிம்மனின் மகன் சோமேசுவரன். ராஜேந்திரனின் கல்வெட்டு அவனை 'மாமன்' என்று சொல்கிறது. அந்த மாமனுக்கே தான் எமன் என்றும் சொல்கிறது. உறவு பகையாயிற்று.

1251-ல் பாண்டிய நாட்டில் சடையவர்மன் சுந்தர பாண்டியன் முடி சூடினான். மாவீரன்! ராஜேந்திரனைக் கப்பம் கட்ட வைத்தான். சேந்தமங்கலத்தைத் தாக்கிக் கோப்பெருஞ்சிங்கனைப் பணிய வைத்தான். சோமேசுவரனும் அவனோடு நடந்த போரில் மாண்டான். சோழனைத் தாங்க இனி யாரும் இல்லை.

அதன் பிறகும் ராஜேந்திரன் 20 ஆண்டுகள் போல அரசன் என்ற பெயரோடு இருந்தான். 1279-க்குப் பிறகு அவன் பெயரில் கல்வெட்டு இல்லை. அடுத்த சோழன் என்று முடி சூட யாரும் வரவில்லை. சோழ நாட்டுக் கோவில் சுவர்களில் பாண்டியரின் ஆட்சி ஆண்டுகள் வெட்டப்பட்டன.

வென்றவன் வாழ்ந்தானா?

அதுவும் நீடிக்கவில்லை. 30 ஆண்டுகள்தான் கழிந்தன. பாண்டிய அரியணைக்காக சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என்ற சகோதரர்கள் இருவர் அடித்துக்கொண்டார்கள். 1311-ல் டில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்து கொள்ளையிட்டது.

சோழன் பாண்டியனின் மண்டபத்தை இடித்தான். பாண்டியன் சோழனின் மண்டபத்தைப் பிடித்தான். இன்று இரண்டு மண்டபங்களும் இல்லை.

திரிபுவனத்துக் கோவில் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. அழித்தவை அழிந்தன, கட்டியது நிற்கிறது!