உஷார்! சும்மா கிடக்கும் சுரங்கம்

"பூமிக்கடியில் அரை கிலோமீட்டர் ஆழத்தில் போட்டு மூடிவிடுவோம், கவலையை விடுங்கள்" என்று அணுக்கழிவைப் பற்றி யாராவது சொன்னால், ஆழத்தைக் கேட்டு மயங்காதீர்கள். அந்தக் குழியை முதலில் எதற்காகத் தோண்டினார்கள் என்று கேளுங்கள். "ஏற்கெனவே இருந்த சுரங்கம்தான், சும்மா கிடந்தது" என்று பதில் வந்தால், உஷார்!

ஜெர்மனிக்காரர்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அங்கே லோயர் சாக்சனி மாநிலத்தில் அஸ்ஸே என்று ஒரு சின்ன மலை. அடியில் உப்புப் பாறை. 'அஸ்ஸே இரண்டு' என்ற சுரங்கத்தில் 1909 முதல் 1964 வரை பொட்டாஷும் உப்பும் வெட்டினார்கள். வியாபாரம் படுத்தது, மூடினார்கள். மறு வருஷமே மத்திய அரசு அதை வாங்கிப்போட்டது. அணுக்கழிவை உப்புக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று 'ஆராய்ச்சி' செய்யப் போகிறார்களாம். 1967இல் தொடங்கி 1978இல் நிறுத்துவதற்குள் சுமார் 1,26,000 பீப்பாய்கள் உள்ளே போய்விட்டன. ஆராய்ச்சிக்கு இத்தனை பீப்பாய் எதற்கு என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

போட்ட விதத்தைப் பாருங்கள். முதலில் பீப்பாய்களை நிற்கவைத்து ஒழுங்காக அடுக்கினார்கள். பிறகு படுக்கவைத்தார்கள். அதற்கும் நேரமாகிறது என்று, லோடர் வண்டியில் அள்ளிக்கொண்டு போய் உப்புச் சரிவின் விளிம்பிலிருந்து உருட்டிவிட்டார்கள். மேலே உப்பை வாரித் தள்ளினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் இருக்கின்றன: குப்பைமேட்டில் கொட்டியதுபோல மஞ்சள் பீப்பாய்கள் கோணல்மாணலாகக் கிடக்கும். அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. வேலை சீக்கிரம் முடியும், ஆட்கள் மேல் கதிர்வீச்சும் குறைவாகப் படும். திரும்ப எடுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

உப்பைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை. கோடிக்கணக்கான வருஷமாக உப்பு கரையாமல் இருக்கிறது என்றாலே அங்கே தண்ணீர் எட்டவில்லை என்று அர்த்தம். உப்புப் பாறை மெல்ல மெல்ல நகர்ந்து தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும். கணக்கு சரிதான். ஆனால் அஸ்ஸேயில் உப்பு வெட்டியவர்களுக்குக் குறி உப்பின் மேலே. கழிவைக் காக்கப் போகிறோம் என்று அவர்கள் கனவா கண்டார்கள்? தெற்குப் பக்கம் மட்டும் 131 அறைகளைக் குடைந்து, சில இடங்களில் வெளிப்பாறைக்குச் சில மீட்டர் வரை சுரண்டிவிட்டுப் போயிருந்தார்கள். மலை அழுத்தியது. சுவர் நெளிந்தது. 1988 முதல் தண்ணீர் கசிந்து வருகிறது.

எவ்வளவு? நாளொன்றுக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர். கோடையில் சென்னைத் தெருக்களில் வந்து நிற்குமே, அந்தப் பெரிய தண்ணீர் லாரி ஒன்று முழுக்க. தினமும். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக. இறைப்பதை நிறுத்தினால் சுரங்கம் மூழ்கும்.

எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? பக்கத்திலேயே தோண்டிய 'அஸ்ஸே ஒன்று' சுரங்கம் 1906லேயே தண்ணீரில் மூழ்கிவிட்டது. இங்கேயும் அதுதான் நடக்கும் என்று ஒரு பொறியாளர் 1979இல் அறிக்கையே எழுதினார். கேட்பாரில்லை. சுரங்கத்துக்குள் சேரும் உப்புநீரில் கதிரியக்கச் சீசியம்-137 இருக்கிறது என்பது ஊர் மக்களுக்கு 2008இல்தான் தெரியவந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சுரங்கம் வேறு துறையின் கைக்கு மாறியது. கணக்கைப் புரட்டிப் பார்த்தால், குறைந்த, நடுத்தரக் கதிரியக்கக் கழிவு என்று எழுதிவைத்திருந்த அந்தக் குவியலில் சுமார் 28 கிலோ புளுட்டோனியம்! முன்பு சொன்ன கணக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பாதி சிதையவே 24,000 வருஷம் ஆகும்.

அந்த ஊர்க்காரர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் 'ஆஃப்பாஸ்ஸென்'. ஜெர்மன் மொழியில் 'உஷாராக இரு' என்று பொருள். அந்தச் சொல்லுக்குள்ளேயே அஸ்ஸேயின் எழுத்துகள் வருகின்றன. அவற்றை மட்டும் பெரிதாக எழுதுகிறார்கள். வீட்டு வாசல்களில் மஞ்சள் நிற மரக்கட்டையில் ஒரு பெரிய 'ஏ' எழுத்து நிற்கும்.

புதிதாகத் தோண்டினாலும் மனிதன் மனிதன்தான். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே, இதற்கென்றே உப்புக்குள் 655 மீட்டர் ஆழத்தில் குடைந்த கிடங்கு 1999இல் திறந்தது. 2014 பிப்ரவரி 14 இரவு அங்கே ஒரு பீப்பாய் பொங்கி வெடித்தது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் கழிவின் ஈரத்தை உறிஞ்ச, களிமண் வகைப் பொடிக்குப் பதிலாக, வீட்டுப் பூனைகள் மலம் கழிக்க வைக்கும் கோதுமைப் பொடியைப் போட்டிருக்கிறார்கள். வேலைக் குறிப்பிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. நைட்ரேட் உப்போடு கோதுமை சேர்ந்தால் சூடேறாதா? இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் மீது கதிரியக்கம் பட்டது. கிடங்கு ஏறக்குறைய மூன்று வருஷம் மூடிக் கிடந்தது.

இதெல்லாம் யாருக்கோ எங்கேயோ என்று இருந்துவிடாதீர்கள். கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2012 நவம்பரில், கழிவை எங்கே புதைப்பது என்ற கேள்விக்கு அடிபட்ட பெயர் கோலார் தங்கவயல். தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் கேஜில் இறங்கித் தங்கம் எடுத்த அதே சுரங்கம். 1980களில் அங்கே சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஹீட்டர்களை வைத்துப் பாறை எப்படிச் சூடாகிறது என்று சோதித்ததும் உண்டு. கர்நாடகம் கொதித்ததும், அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார்கள். 2001இல் மூடிய அந்தச் சுரங்கத்தில் பம்புகள் நின்று தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. வேலை நடந்த காலத்திலேயே பாறை வெடித்து ஆட்களைக் கொன்ற இடம் அது. ஊருக்குள் தங்கம் பிரித்தபின் கொட்டிய 'சயனைடு டம்ப்' மேடுகளிலிருந்து காற்றடித்தால் தூசி இன்னமும் வீட்டுக்குள் வருகிறது. அள்ள வேண்டியதை அள்ளிக்கொண்டு விட்டுப்போன கழிவுக்கே இன்னும் கதி இல்லை.

இந்தியாவில் இன்றுவரை ஆழ்நிலக் கிடங்கு கிடையாது. 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், கூடங்குளத்தின் எரிந்த எரிபொருளுக்கு உலைக்கு வெளியே தனி வைப்பிடம் ஐந்து ஆண்டுக்குள் கட்டச் சொன்னது. ஐந்து ஆண்டில் முடியவில்லை; 2022 வரை அவகாசம் வாங்கினார்கள். அதற்காக 2019 ஜூலையில் நடப்பதாக இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. வைப்பிடம் தற்காலிகமானதுதான் என்கிறார்கள். அஸ்ஸேக்கு 'ஆராய்ச்சி' என்று ஒரு சொல் கிடைத்ததுபோல நமக்கு 'தற்காலிகம்'. எத்தனை வருஷம் தற்காலிகம் என்று தேதியோடு கேட்டு வாங்குங்கள்.

ஃபின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ தீவில், இதற்கென்றே புதிதாக, 430 மீட்டர் ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். 2004இல் தோண்டத் தொடங்கி, இருபது வருஷம் கழித்துத்தான் ஒத்திகையே ஆரம்பித்தது. அவசரம் இல்லாமல் செய்தால் இப்படித்தான் காலமாகும்.

அதனால் உங்கள் ஊருக்குக் கருத்துக்கேட்பு நோட்டீஸ் வந்தால் வேலை இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போய் மூன்று கேள்வி கேளுங்கள்: தண்ணீர் வந்தால் யார் இறைப்பது, எந்தப் பீப்பாயில் என்ன இருக்கிறது என்ற கணக்கு யாரிடம் இருக்கும், போட்டதை வெளியே எடுக்க வழி உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அஸ்ஸேயில் அந்த 1,26,000 பீப்பாய்களையும் திரும்ப எடுக்கவேண்டும் என்று 2013இல் சட்டமே போட்டார்கள். முதல் பீப்பாயை எடுக்கக் குறித்த ஆண்டு 2033.