கடல் கடந்த செலவு

சென்னை மாநகரின் வடபால், திருவொற்றியூரைச் சார்ந்து காலடிப்பேட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. பெயரைக் கேட்போர், அடியார் ஒருவரின் திருவடி பட்ட இடம் போலும் என்று எண்ணுவர். உண்மை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக விளங்கிய ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர், நெசவாளர்களைக் குடியேற்றி அவ்வூரை உண்டாக்கினார். காலட்டுப்பேட்டை என்று அவர் பெயரால் வழங்கிய ஊர், மக்கள் நாவில் நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்குள்ள கலியாண வரதராசப் பெருமாள் கோயிலைப் பற்றியும் ஒரு வரலாறு வழங்குகின்றது. காலட்டிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் காஞ்சிபுரத்து வரதரை இடையறாது சென்று வழிபட்டு வந்தார் என்றும், அவர் அலையாதிருக்கும் பொருட்டு ஆளுநர் அவ்வூரிலேயே ஒரு கோயில் எழுப்பினார் என்றும் ஊரார் கூறுவர்.

அந்தக் காலட் இந்நாட்டிற்கு வந்த வழி எளியதன்று. 1711ஆம் ஆண்டில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட அவர் கப்பல், தென்னமெரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. அதினின்றும் மீண்டு, சுமத்திரைத் தீவிற் சில ஆண்டுகள் பணியாற்றி, அதன்பின்னரே அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பெண்மக்கள் இங்கிலாந்திலேயே இருந்தனர். 1716ஆம் ஆண்டில், சின்குவா என்னும் சீனக் கைவினைஞரைக் கொண்டு, தம் உருவத்தைக் களிமண்ணாற் செய்வித்து வண்ணந் தீட்டுவித்து, அதனை மகளுக்கு அனுப்பி வைத்தார். தந்தை வரவில்லை, தந்தையின் பொம்மை வந்தது! இலண்டன் மாநகரத்துத் தேசிய உருவப்படக் காட்சிக்கூடம் இன்று அப்பொம்மையைப் பாதுகாத்து வருகின்றது.

அக்காலத்துக் கடற்செலவு என்பது பெரும்பாலும் பிரிவே ஆகும். பண்டைத் தமிழரும் அவ்வாறே கருதினர். கடல் வழியே செல்லும் வழக்கம் பெண்டிரொடு கூடியதன்று என்னும் கருத்துப்படத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் ஒரு நூற்பா உண்டு. அதற்குப் பொருள் காண்பதில் உரைகாரர் தம்முள் வேறுபடுவர். எனினும், தலைவன் பொருள்வயிற் பிரிய, தலைவி ஆற்றியிருத்தலே அகப்பாடல்களில் நாம் பெரிதும் காணும் காட்சியாகும். தமிழர் அக்காலத்திற் கடல் கடந்தமைக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் உள்ள குளோங் தோம் என்னும் இடத்தில், பெரும்பத்தன் என்னும் பெயர் தமிழிற் பொறிக்கப்பட்ட பொன்னுரைக் கல் ஒன்று கிடைத்துள்ளது. பொற்கொல்லர் கையிலிருந்த கல் அது. அவர் மனைவி உடன் சென்றாளா, ஊரிலேயே இருந்தாளா என்பதைக் கல் கூறவில்லை.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு செய்தி. ‘செலவு’ என்பது பழந்தமிழிற் செல்லுதலைக் குறித்தது. தலைவன் பயணத்தை நிறுத்திக்கொள்வதற்குச் ‘செலவழுங்குதல்’ என்று பெயர். இக்காலத்திலோ செலவு என்றவுடன் நமக்குப் பணமே நினைவிற்கு வருகின்றது. வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பொறுத்தமட்டில் இரண்டு பொருளும் ஒருங்கே பொருந்தும் என்று கொள்ளுதல் தவறாகாது.

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்னர்க் கப்பல்கள் கரைக்கு வரவில்லை. அவை ஆழ்கடலிலேயே நிற்க, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகள் அலைகளுக்கிடையே மக்களையும் மூட்டைகளையும் கொண்டு சென்றன. துறைமுகம் அமைந்த பின்னர் மலேயா, சிங்கப்பூர்ப் பயணம் பெருகியது. ‘இரசூலா’ என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை அவ்வழியில் ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, மூட்டை முடிச்சுகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சற்றேறக்குறைய ஒரு கிழமை கடலிற் கழித்தவர் எண்ணிறந்தோர். அதன் பின்னர் ‘எம். வி. சிதம்பரம்’ என்னும் கப்பல் ஓடியது. 1985ஆம் ஆண்டில் அதில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனுடன் அக்கப்பற் போக்குவரவும் முடிந்தது. இன்று சிங்கப்பூர் செல்வோர் வானத்து வழியையே நாடுகின்றனர்.

காலடிப்பேட்டையைச் சேர்ந்த கணவனும் மனைவியும் சிங்கப்பூரைக் கண்டு வர விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் முதலிற் பெறவேண்டியது கடவுச்சீட்டு. பாஸ்போர்ட்டு என்று மக்கள் வழங்குவதும் இதுவே. இவர் இந்நாட்டுக் குடிமகன் என்று நம் அரசு பிற அரசுகளுக்குத் தரும் உறுதிமொழி அது. வயது வந்தோர்க்குப் பத்தாண்டுகளுக்குச் செல்லும். அடுத்தது விசா. அது, ‘வரலாம்’ என்று அயல்நாட்டு அரசு தரும் இசைவு. கடவுச்சீட்டு நம் அரசு தருவது. விசா அவர் அரசு தருவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி இடர்ப்படுவோர் பலர். இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பயண நாளிலிருந்து ஆறு திங்களேனும் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் விதித்துள்ளன. முடிவு நாள் இன்னும் வரவில்லையே என்று வாளாவிருந்தவர்கள் விமான நிலையத்திலிருந்து வீடு திரும்ப நேரிடுவது இதனாலேயாம்.

விமான நிலையத்தை அடைதல் இப்பொழுது காலடிப்பேட்டையார்க்கு எளிது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெட்ரோ இரயிற் பாதை வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டபோது, காலடிப்பேட்டையிலும் ஒரு நிலையம் அமைந்தது. அங்கே வண்டியேறினால், இடையில் மாறாமலே மீனம்பாக்கம் விமான நிலையத்திற்குச் செல்லலாம். நெசவாளர்க்கென அமைந்த பேட்டைக்கும் வானூர்திக்கும் இடையே இன்று ஒரே இருப்புப்பாதை.

விமானம் மேலெழுகையிற் காதடைக்கும். உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும். செவிப்பறையின் உட்புறத்துக் காற்று வெளியழுத்தத்தோடு ஒத்துப்போகச் சிறிது நேரம் வேண்டும். மிட்டாயைச் சுவைத்து எச்சில் விழுங்கினால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் திறந்து அடைப்பு நீங்கும். விமானம் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்திற் பறக்கும். அங்கே வெளியில் நிலவும் குளிர், நீர் உறையும் நிலைக்கும் கீழே ஐம்பது பாகை அளவினது. ஆயினும் உள்ளே இருப்போர் நலமே இருப்பர். விமானத்தின் உள்ளறையிற் காற்றைச் செறித்து, மலையுச்சியில் இருப்பது போன்ற அழுத்தத்தைக் காப்பர். உதகமண்டலத்தில் உட்கார்ந்திருப்பது போன்றது என்று கூறின் பெரும்பாலும் பொருந்தும்.

நான்கு மணி நேரத்திற் சிங்கப்பூர் வந்துவிடும். அங்கே இறங்கியவுடன் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்தள்ளி வைக்க வேண்டும். புவி தன்னைத் தானே சுற்றுதலால், ஒரு மணி நேரத்திற்குப் பதினைந்து பாகை வீதம் கதிரவன் மேற்கு நோக்கிச் செல்வது போலத் தோன்றுகின்றது. இக்கணக்கின்படி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடே இருத்தல் வேண்டும். எஞ்சிய ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்தது? நம் நாட்டுக் கடிகாரம் சென்னைக்குச் சற்றுக் கிழக்கே செல்லும் 82½ பாகைக் கோட்டைக் கொண்டு ஓடுகின்றது. சிங்கப்பூரார் தமக்குரிய கோட்டை விட்டு, அதற்கும் கிழக்கே உள்ள கோட்டின் நேரத்தை மேற்கொண்டுள்ளனர். ஆதலின், கடிகாரம் என்பது கதிரவன் சொல்வது பாதி, அரசு சொல்வது பாதி. உடலோ அரசாணைக்கு உடனே பணிவதில்லை. பல மணி நேர வேறுபாடுள்ள நாடுகளுக்குச் சென்றோர், நள்ளிரவில் விழித்தும் நண்பகலில் உறங்கியும் சில நாள் அல்லலுறுவர். மேற்கே செல்லும்போதினும் கிழக்கே செல்லும்போது இத்துன்பம் மிகுதி.

ஓட்டல்களில் அறை தருவதற்கும் ஒழிப்பதற்கும் நேர வரையறை உண்டு. பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு அறை கிடைக்கும். புறப்படும் நாளில் நண்பகலுக்குள் ஒழிக்க வேண்டும். இரவு விமானத்தில் ஏறிக் காலை ஏழு மணிக்கு இறங்கியவர்கள் இதனை அறியாது சினங்கொள்வது உண்டு. பெட்டிகளை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு ஊரைக் காணச் செல்வதே அறிவுடைமை. சிங்கப்பூரில் அவ்வாறு செல்வோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைக் காணலாம். 1819ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து இராபிள்ஸ் துரையுடன் வந்த நாராயண பிள்ளை என்னும் தமிழரது முயற்சியால், 1827ஆம் ஆண்டில் அக்கோயில் தோன்றியது.

இவையெல்லாம் செல்வர்க்கே உரியவை என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணத்தை மாற்றியவர்கள் கேரள நாட்டுக் கொச்சி நகரத்து இணையராகிய விசயனும் மோகனாவும் ஆவர். அவர்கள் அந்நகரில் ஸ்ரீ பாலாஜி காப்பி ஹவுஸ் என்னும் சிறு தேநீர்க் கடை நடத்தினர். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அடுப்பை மூட்டுதல், தேநீர் ஆற்றுதல், பண்டம் செய்தல், பாத்திரம் துலக்குதல் ஆகிய அனைத்தும் இருவர் கையாலேயே நடந்தன. நாள்தோறும் முந்நூறு உரூபாய் எடுத்து வைத்தனர். ஆண்டிற்கு 1,09,500 உரூபாய். மூன்றாண்டிற்கு 3,28,500 உரூபாய். சேர்த்தது போதாதபோது கடன் பெற்றுச் சென்றனர். திரும்பி வந்து தேநீர் விற்று அக்கடனை அடைத்தனர். அடைத்த பின்னர் அடுத்த நாட்டிற்குப் புறப்பட்டனர்.

2007ஆம் ஆண்டில் அவர்களது அயல்நாட்டுப் பயணம் தொடங்கியது. எகிப்து, இங்கிலாந்து, பிரான்சு, சுவிட்சர்லாந்து, பிரேசில், பெரு, அர்ச்செண்டினா, அமெரிக்கா என நாடுகள் பெருகின. சென்ற இடங்களின் படங்கள் கடைச் சுவரில் ஏறின. தேநீர் பருக வந்தோர் அப்படங்களைக் காட்டிக் கேட்பர். கடைக்காரர் கதை சொல்வார். அவர்களைப் பற்றி எடுக்கப்பட்ட ‘இன்விசிபிள் விங்ஸ்’ என்னும் குறும்படம் பரிசும் பெற்றது. 2019ஆம் ஆண்டில் அவர்கள் செய்தியை அறிந்து மகிழ்ந்த தொழிலதிபர் ஆனந்து மகிந்திரா துணைபுரிய, ஆத்திரேலியாவையும் நியூசிலாந்தையும் கண்டு வந்தனர்.

கடன் பெற்று ஊர் சுற்றுதல் தகுமா என்று வினவலாம். வினவத்தக்க வினாவே அது. கடன்பட்டுத் திருமணம் செய்து, அதனை அடைக்க மாட்டாது வீட்டை இழந்தோர் நம்மிடையே பலர். கடன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் முன்னோர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. ஆயின் இவ்விணையர் செய்ததை உற்று நோக்க வேண்டும். பழைய கடன் தீராமற் புதுக்கடன் கொள்ளவில்லை. அடைக்கும் வழியாகிய கடையைக் கைவிடவில்லை. நகையும் பட்டும் பிறர்க்குக் காட்டுதற்கு உரியன. இவர்கள் வாங்கியதோ கண்ணாற் கண்ட காட்சி. வேண்டாத வீண்செலவு என்று அதனைத் தள்ளுவோர், எவ்வாண்டும் தவறாது திருவிழாவிற்குச் செல்லும் தம் பாட்டனாரையும் அவ்வாறு தள்ள நேரிடும். தலைப்பயணத்திற்கே வட்டிக்கடன் வாங்கி, திரும்பி வந்த பின் தொழில் தேடுபவர்க்கு மட்டும் இவர்களை எடுத்துக்காட்டாகக் கூறலாகாது.

வேறொன்றும் குறிக்கத்தக்கது. ஆண்டு முழுதும் வந்தவர்க்கெல்லாம் தேநீர் ஆற்றித் தந்த மோகனா அம்மையார்க்கு, ஓட்டலிற் பிறர் கொணர்ந்து வைக்கும் கோப்பையை எடுத்துப் பருகும் நாள்கள் இப்பயணங்களிலேதான் வாய்த்தன. சுற்றுலாவிற் காணத்தக்கவை கூம்புக் கோபுரங்களும் பனிமலைகளும் மட்டுமல்ல.

2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியது. விமானங்கள் நின்றன, நாடுகள் தம் வாயில்களை அடைத்துக்கொண்டன. கடைகளும் மூடிக்கிடந்தன. முதுமையடைந்த இணையர்க்கு, மூடிய வாயில்கள் மீண்டும் திறக்கும் வரையிற் காத்திருத்தல் எளியதன்று. நாடுகள் மெல்லத் திறந்தபோது அவர்கள் தேர்ந்துகொண்டது உருசியா. 2021ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் இருவரும் அங்குச் சென்று திரும்பினர். அதுவே அவர்கள் சேர்ந்து கண்ட இருபத்தாறாவது நாடு.

திரும்பி ஒரு திங்கள் நிறைவதற்கு முன்னரே, நவம்பர் 19ஆம் நாள், விசயன் கொச்சியிற் காலமானார்.